தோனி போட்ட ஜெர்ஸியும் சித்தப்பா போட்ட பனியனும்

ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தால், ஒன்று பைக் பஞ்சராகியிருக்கும். இல்லை, பணம் போயிருக்கும். போன மாதம் வந்தது இரண்டாவது ரகம்.

"யக்கா, ஒரு விஷயம். அப்பாட்ட மட்டும் சொல்லிராத, என்ன?"

பேசியது சித்தி மகன். பாளையங்கோட்டையில் இருக்கிறான். வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கச் சேர்த்து வைத்திருந்த 40,000 ரூபாயில் 5,000 ரூபாயை இன்ஸ்டாகிராமில் யாருக்கோ அட்வான்ஸாக அனுப்பிவிட்டான். மீதியை அன்று இரவே போட வேண்டுமாம். எதற்கு?

"தோனி மேட்ச்ல போட்ட ஜெர்ஸிக்கா. 2018 சீசன். சேப்பாக்கத்துல மே மாசம் ஆடுன மேட்ச். வேர்வைக் கறைகூட அப்படியே இருக்கு. சர்டிபிகேட் தராங்க. இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருந்தா லட்சக்கணக்குல போகும்."

டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு தினமும் இதே வேலைதான். 'வைரல் போட்டோ உண்மையா?' என்று யாராவது அனுப்புவார்கள், நான் நோண்டிக்கொண்டே இருப்பேன். 'பணம் எதையும் போடாதே, போட்டோவை மட்டும் அனுப்பு' என்றேன்.

அனுப்பினான். மஞ்சள் ஜெர்ஸி. தோளில் ராணுவ உடை டிசைன். லோகோவுக்கு மேலே மூன்று நட்சத்திரம்.

இதைப் படிக்கும் சி.எஸ்.கே ரசிகர்கள் பாதிப் பேர் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த மூன்று நட்சத்திரமும் மூன்று கோப்பைக்கு. மூன்றாவது கோப்பையை சென்னை ஜெயித்தது 2018 மே 27, அந்த சீசனின் கடைசி நாள். சீசன் நடுவில் போட்ட ஜெர்ஸியில் மூன்றாவது நட்சத்திரம் எப்படி வரும்?

இரண்டாவது, தோளில் ராணுவ டிசைனும் நட்சத்திரங்களும் வந்தது 2021 ஜெர்ஸியில்தான்.

மூன்றாவது, 2018-ல் காவிரிப் போராட்டம் நடந்ததால் ஏப்ரல் 10 மேட்சுக்குப் பிறகு சென்னையின் ஹோம் மேட்சுகள் எல்லாம் புனேவுக்குப் போய்விட்டன. அந்த மே மாதம் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே ஆடவே இல்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "அப்ப சர்டிபிகேட்டு?"

சர்டிபிகேட்டுக்கு யார் சர்டிபிகேட் தருவது?

நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஒரிஜினல்' என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்த அல்வாக் கடையைப் பார்த்தால்தான் நமக்குச் சந்தேகமே வரும். தம்பிக்கு வந்த சர்டிபிகேட்டும் அப்படித்தான். தங்க நிற பார்டர், ஹாலோகிராம் ஸ்டிக்கர், ஒன்பது இலக்க எண். அந்த எண்ணை எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று மட்டும் அதில் இல்லை. தந்தவர் யார், எப்போது பார்த்தார், எப்படிச் சோதித்தார் என்பதும் இல்லை.

வீரர்கள் மேட்சில் போட்ட உடையை வாங்கி விற்பது வெளிநாடுகளில் பெரிய தொழில். அதில் உச்சம் பேஸ்பால். அமெரிக்காவின் பழைய பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத், 1932 வேர்ல்ட் சீரிஸில் ஒரு மேட்சில் பந்து எங்கே போய் விழும் என்று முன்கூட்டியே கை காட்டிவிட்டு அடித்தார் என்பது அங்கே பெரிய கதை. அன்று அவர் போட்டிருந்த சட்டை 2005-ல் 9,40,000 டாலருக்கு விலை போனது. அதே சட்டை 2024 ஆகஸ்ட்டில் 2 கோடியே 41 லட்சம் டாலர். நம் பணத்தில் 200 கோடி ரூபாய்க்கு மேல். விளையாட்டுப் பொருள் எதுவும் அதுவரை அந்த விலைக்குப் போனதில்லை.

சட்டை அதேதான். விலை மட்டும் ஏன் 25 மடங்கு ஏறியது? பணக்காரர்களின் ஆசை கூடியது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட மேட்சின் பழைய போட்டோக்களோடு சட்டையை ஒப்பிட்டு, இதுதான் அது என்று நிபுணர்கள் சொன்னது. இந்த வேலைக்கு 'போட்டோ மேட்சிங்' என்று பெயர்.

கேட்க பெரிய விஷயம்போல இருந்தாலும் அடிப்படை எளிது. உங்கள் வீட்டில் கட்டம் போட்ட சட்டை இருந்தால் பாருங்கள். பாக்கெட்டின் ஓரத்தில் கட்டம் எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறும். ஒரே துணி, ஒரே டைலர் என்றாலும் இரண்டு சட்டையில் ஒரே மாதிரி வராது. எண்ணைத் தைத்த கோணம், எழுத்துக்கும் பட்டனுக்கும் உள்ள இடைவெளி, பிரிந்த தையல், ஒட்டுப்போட்ட இடம் இதெல்லாம் சட்டையின் கைரேகை. மேட்ச் போட்டோவில் அதே ரேகை அதே இடத்தில் இருந்தால் அதே சட்டை.

இதற்கு முன்னால் துணியையும் பார்ப்பார்கள். 1932 சட்டை என்று சொல்லி, நூல் பாலியஸ்டராக இருந்தால் கதை முடிந்தது. பாலியஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டதே 1941-ல். லேபிள், சைஸ், தையல் முறை எல்லாம் அந்த வருஷத்துக்குப் பொருந்த வேண்டும். வேர்வைக் கறையை மட்டும் நம்ப மாட்டார்கள். டீத்தண்ணியில் முக்கி எடுத்தால் ஒரே நாளில் எந்தத் துணிக்கும் வயசாகிவிடும்.

குறைதான் சாட்சி

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மாரடோனா சட்டை. 1986 உலகக் கோப்பை காலிறுதி, இங்கிலாந்துக்கு எதிராக. கையால் தட்டிய கோலும், பாதி மைதானம் தாண்டி ஓடிப் போட்ட கோலும் ஒரே மேட்சில். மெக்சிகோ வெயிலுக்குப் பழைய சட்டை கனமாக இருக்கிறது என்று, உள்ளூர்க் கடையில் அவசரமாக வேறு சட்டை வாங்கி, சின்னத்தைத் தைத்து, எண்ணை இஸ்திரி போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மேட்ச் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மாரடோனாவிடம் சட்டையை மாற்றிக்கொண்டார்.

36 வருஷம் கழித்து அது ஏலத்துக்கு வந்தபோது மாரடோனாவின் மகளே எதிர்ப்புச் சொன்னார். 'இது முதல் பாதியில் போட்ட சட்டை. இரண்டு கோல் போட்டது இரண்டாம் பாதியில், அந்தச் சட்டை வேறு' என்றார். ஏல நிறுவனம் போட்டோ மேட்சிங் செய்தது. சின்னம் தைத்த விதம், கோடுகள், எண்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இரண்டு கோலும் போட்டபோது உடம்பில் இருந்தது இதே சட்டைதான் என்று சொன்னார்கள். 2022 மே மாதம் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. சுமார் 68 கோடி ரூபாய்.

அவசரத் தையல் ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு மாதிரி விழுந்ததுதான் கடைசியில் சாட்சி சொன்னது. இன்னொன்றும் கவனியுங்கள். மகள் பொய் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். வீட்டு ஆள் நம்பிச் சொல்வதும் தப்பாகப் போகலாம். இது எனக்குப் பிறகு தேவைப்பட்டது.

அமெரிக்காவில் பொய்க் கையெழுத்துச் சந்தை பெரிதாகி, 1990-களில் எஃப்.பி.ஐ களத்தில் இறங்க வேண்டியிருந்தது. டோனி க்வின் என்ற வீரர், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் பொய்க் கையெழுத்து விற்பதைப் பார்த்தார். அதன் பிறகு 2001-ல் மேஜர் லீக் பேஸ்பால் ஒரு ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு மேட்சிலும் போலீஸ் வேலை பார்த்தவர்கள் மைதானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பந்தோ சட்டையோ தங்கள் கண் முன்னால் வெளியே வந்தால்தான் ஹாலோகிராம் ஒட்டுவார்கள். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் போட்டு, எந்த நாள், எந்த மேட்ச் என்று பார்க்கலாம். தம்பியின் சர்டிபிகேட்டில் இல்லாதது இதுதான். ஸ்டிக்கர் இருந்தது, பார்த்த ஆள் இல்லை.

நம் ஊரில் என்ன விலை?

இந்தியாவிலும் பெரிய தொகைகள் வந்திருக்கின்றன. 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோனி சிக்ஸர் அடித்து முடித்த பேட், அதே வருஷம் லண்டனில் நடந்த அறக்கட்டளை ஏலத்தில் 1 லட்சம் பவுண்டுக்குப் போனது. 2024-ல் கே.எல்.ராகுலும் அதியா ஷெட்டியும் குழந்தைகளுக்காக நடத்திய ஏலத்தில் கோலியின் ஜெர்ஸி 40 லட்சம் ரூபாய். நம் சென்னைப் பெண் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் பயன்படுத்திய வாள், பிரதமரின் பரிசுப் பொருள்கள் ஏலத்தில் 1.25 கோடி ரூபாய்.

இவற்றில் பொதுவாக ஒன்று உண்டு. பொருளை வீரரே கொடுத்திருக்கிறார், அல்லது அவர் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது நாலு பேருக்குத் தெரியும். 2023 மே 14 அன்று சேப்பாக்கத்தில் கவாஸ்கர் ஓடிப்போய்த் தன் சட்டையில் தோனியிடம் கையெழுத்து வாங்கினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சட்டைக்கு யாரும் சர்டிபிகேட் தர வேண்டாம். ஊரே டிவியில் பார்த்தது.

விற்பவர்கள் குழப்பும் வார்த்தைகளும் உண்டு. 'மேட்ச் வோர்ன்' என்றால் மேட்சில் போட்டது. 'மேட்ச் இஷ்யூடு' என்றால் வீரருக்காகத் தயாரானது; அவர் போட்டாரா என்பது தெரியாது. 'பிளேயர் எடிஷன்' என்றால் வீரர்கள் போடும் அதே தரத்துத் துணி. கடையில் யாரும் வாங்கலாம். 'ரெப்ளிகா' ரசிகர்களுக்கானது. கடைசி இரண்டையும் வாங்கி ஆசையாகப் போட்டுக்கொள்ளலாம், தப்பே இல்லை. முதலாவதன் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி வாங்கவிருந்தது ரசிகர் ஜெர்ஸி. அந்த போட்டோவைத் தேடுபொறியில் போட்டபோது, ஒரு ஆன்லைன் கடையின் விற்பனைப் பக்கத்தில் அதே படம் கிடைத்தது. கறையைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள்.

அன்று இரவே 1930 எண்ணுக்கு போன் பண்ணச் சொன்னேன். சைபர் குற்றத்துக்கான உதவி எண். பணம் போன கொஞ்ச நேரத்தில் சொன்னால் அடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்த வாய்ப்பு அதிகம். இவன் பணம் அனுப்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. புகார் எண் கிடைத்தது. இதை எழுதும் வரை 5,000 ரூபாய் வரவில்லை. ஆனால் 35,000 ரூபாய் தப்பித்தது.

டிரங்குப் பெட்டி

'அப்பாட்ட சொல்லிராத' என்றவன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அவனாகவே சொல்லிவிட்டான். சித்தப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏலே, ஊர்ல எவனோ போட்ட சட்டைக்கு நாப்பதாயிரம். ஒங்கப்பன் போட்ட பனியன் பரண்ல கெடக்கு. அத என்னைக்காவது எடுத்துப் பாத்திருக்கியால?"

டிரங்குப் பெட்டி இறங்கியது. பாச்சா உருண்டை வாசனையோடு ஒரு பச்சை நிற கபடி பனியன். முதுகில் வெள்ளைத் துணியில் 8. டைலர் தைத்த எண். எட்டின் கீழ்வட்டம் ஒரு பக்கம் சப்பை. இடது தோளில் கிழிசல். வேறு நிற நூலில் தைத்திருந்தது.

சித்தப்பாவுக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி பக்கம். தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களில் பொங்கல் என்றால் கபடி இல்லாமல் இருக்காது. 'பைசன்' படம் வந்த பிறகு மணத்தி கணேசன் பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடியவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர், நம் பக்கத்துக்காரர். அவர் போல உச்சத்துக்குப் போகாமல், ஊர் ஊராகப் போய் முட்டி தேய்ந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். சித்தப்பா அதில் ஒருவர்.

"இது ஃபைனல்ல போட்டது ட்டீ. கடைசி ரெய்டுல மூணு பேரு அமுக்குனானுவ. தோள்பட்டை கிழிஞ்சிட்டு. கோடு தொட்டுட்டேன். கப்பு நமக்கு."

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. "சித்தப்பா, போட்டோ எதுவும் இருக்கா?" என்றேன்.

சித்தி ஆல்பம் கொண்டுவந்தார். இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்று ஸ்டுடியோவில் எடுத்த குரூப் போட்டோ. எல்லோரும் நேராக நிற்க, பின் எண் தெரியவில்லை. இன்னொன்று பந்தல் முன்னால் எடுத்தது. சித்தப்பா திரும்பி யாரிடமோ பேசுகிறார். முதுகில் 8. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். எட்டின் கீழ்வட்டம் அதே பக்கம் சப்பை. இடது தோளில் ஒரு ஊக்கு மின்னுகிறது. கிழிந்த இடத்தைச் சேர்த்துக் குத்திய ஊக்கு. பனியனைத் திருப்பிப் பார்த்தால், தையலுக்கு இரண்டு பக்கமும் ஊக்கு குத்திய துருக்கறை.

"மேட்ச் ஆயிட்டுக்கா!" என்று தம்பி கத்தினான்.

போட்டோவைத் திருப்பினேன். பின்னால் பேனாவில் எழுதியிருந்தது: '17-1-93, செமி ஃபைனல், 2 பாயிண்ட்டில் தோல்வி.'

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். அது அவருடைய கையெழுத்துதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சித்தி மட்டும் அடுப்படிப் பக்கம் போய்விட்டார். சிரிப்பை அடக்க என்று நினைக்கிறேன்.

"கப்பு ஜெயிச்சது அடுத்த வருஷம்" என்றார் கடைசியில். "அன்னைக்குப் புதுப் பனியன். அது எங்க போச்சுன்னு தெரியல."

முப்பது வருஷமாக அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு வருஷமும் ஞாபகத்தில் ஒன்றாகத் தைத்துக்கொண்டுவிட்டது. மாரடோனா வீட்டிலேயே நடந்தது நம் வீட்டில் நடக்காதா?

இன்று செய்யக்கூடியது

ஆதிச்சநல்லூருக்குப் போனால், தோண்டிய குழிகளையும் அதிலிருக்கும் தாழிகளையும் கண்ணாடி வழியாக இருந்த இடத்திலேயே பார்க்கலாம். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான் பானை எதையாவது சொல்லும். தனியாக எடுத்து வைத்தால் வெறும் பானை. பனியனும் அப்படியே. போட்டோவையும் பின்னால் எழுதிய ஒரு வரியையும் பிரித்துவிட்டால் அது பழைய துணி; அடுத்த பொங்கலுக்கு வீடு துடைக்கப் போய்விடும்.

அதனால் உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், இந்த வாரமே செய்யுங்கள். ஆடியவர் இருக்கும்போதே கேட்டு, நாள், ஊர், எதிரணி, முடிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உடையின் முன், பின், எண், கிழிசல், லேபிள் எல்லாவற்றையும் அருகில் வைத்து போட்டோ எடுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கத்தையும் எடுங்கள். துணிமேல் பேனாவால் எழுதாதீர்கள். கறை போக ஊறவைக்காதீர்கள். கறையும் ஆட்டத்தின் பாகம். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாமல், சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வெயில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

சங்கர்நகர் மைதானத்தில் டி.என்.பி.எல் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2023 ஜூலை 12 இறுதிப் போட்டியே அங்கேதான் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் கோவையிடம் 104 ரன்னில் தோற்றது. இனி ஒரு மேட்ச் முடிந்து வீரர் யாராவது உங்களுக்குத் தொப்பியோ ஜெர்ஸியோ கொடுத்தால், கொடுக்கும் அந்த நொடியை நண்பனைப் படமெடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாளை அவர் இந்தியாவுக்கு ஆடினால், உங்கள் கையில் சட்டையோடு சாட்சியும் இருக்கும்.

வாங்குவதாக இருந்தால் மூன்று கேள்வி போதும். எந்த நாள், எந்த மேட்ச்? வீரரிடமிருந்து உங்களிடம் எப்படி வந்தது? இந்த எண்ணை நானே எங்கே சரிபார்க்கலாம்? 'இன்று இரவுக்குள் பணம் போடு' என்று பதில் வந்தால், போனை வைத்துவிடுங்கள்.

நான் கிளம்பும்போது தம்பி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதினான். 'கப்' என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, அடிக்கச் சொன்னார்.

'1993 பொங்கல். அரையிறுதி. இரண்டு பாயிண்ட்டில் தோத்தோம். தோள் கிழிஞ்சது அன்றைக்கு.'

கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "எலே, இது எவ்வளவுக்குப் போகும்?"

"இது விக்கிறதுக்கு இல்லப்பா" என்றான் தம்பி.

அடுத்த வாரம் பார்ப்போம்.